காப்பிக்கும் திணை உண்டு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'வட்டார மணம்' என்பது. வட்டார வழக்கு, வட்டார நாவல் என்று நான் நாளும் வகுப்பில் பேசுவதையே இங்கும் பேசியிருக்கலாம். ஆனால் இந்தப் பத்தாண்டுகளில் நம் மாதக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்த ஒன்று உண்டு. நல்ல கவிதை வாராத மாதங்கள் இருந்திருக்கலாம். அது வாராத மாதம் இல்லை. இடைவேளைக் காப்பியைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு கவிஞரின் ஊரையும் கேட்டறிந்த நாம், அந்தக் காப்பியின் ஊர் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை இன்று கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். காப்பியத்தை விட்டுக் காப்பிக்கு இறங்கிவிட்டாரே என்று புலவர் பெருமக்கள் வருந்த வேண்டா. தொல்காப்பியத்தின் துணையோடுதான் வந்திருக்கிறேன்.

கைமணமும் மண்மணமும்

முடிச்சூரிலிருந்து தாம்பரம் சென்று, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பிச் செங்கற்பட்டு, மதுராந்தகம் நோக்கிப் போகிறவர்கள் ஒரு பெயர்ப்பலகையை மீண்டும் மீண்டும் காண்பார்கள். 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்பதே அது. டிகிரி என்ற சொல்லுக்குப் பல விளக்கங்கள் வழங்குகின்றன. பாலின் தரத்தை அளக்கும் கருவி காட்டும் பாகையே டிகிரி என்பார் ஒருசாரார். சிக்கரி என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பார் மற்றொரு சாரார். எப்படியாயினும், தண்ணீர் கலவாத பசும்பால், முதலில் இறங்கிய கெட்டியான டிகாக்‌ஷன், பித்தளை டபரா, நுரை பொங்க ஆற்றித் தரும் கை, இவை கூடியதே அக்காப்பி.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கும்பகோணத்தில் காப்பிச் செடி இல்லை. அது காவிரி பாயும் மருதநிலம். நெல்லும் வெற்றிலையும் விளையும் மண். அப்பெயர் காப்பி விளைந்த இடத்தைச் சுட்டவில்லை. காப்பி போட்ட கையைச் சுட்டுகிறது. தமிழில் 'கைமணம்' என்று ஓர் அரிய சொல் உண்டு. கும்பகோணம் காப்பி கைமணத்தால் பெயர் பெற்றது. காப்பியின் மண்மணத்தையோ நாம் இன்னும் அறியவே இல்லை என்பதுதான் இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

நம் இலக்கியமும் இவ்வாறே நடந்திருக்கிறது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வந்து ஓட்டலில் காப்பி அருந்துகிறார். அங்கும் சிக்கரி பற்றிய பேச்சு எழுகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில், இப்பானம் தமிழர் வாழ்வில் நுழைந்து நடுத்தர வகுப்பின் அடையாளமான வரலாற்றை விரிவாக ஆராய்ந்தார். ஓட்டலும் வீடும் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. மலை மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது.

நாம் தூள் வாங்கும் கடையை நினைத்துப் பாருங்கள். பீபெரி, பிளாண்டேஷன் ஏ, செர்ரி, ரோபஸ்டா என்று பலகையில் எழுதி விலை போட்டிருப்பார்கள். காப்பிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதைகள் தட்டையாக ஒட்டியிருக்கும். ஒரே விதையாக உருண்டு விளைந்தால் அது பீபெரி. பழத்தோலை நீக்கி, நீரில் அலசிக் காயவைத்த அராபிகா, பிளாண்டேஷன். அதில் 'ஏ' என்பது கொட்டையின் பருமனைக் குறிக்கும். பழத்தோடு அப்படியே உலர்த்தியது செர்ரி. ரோபஸ்டா என்பது செடியின் இனப்பெயர். இவற்றுள் ஒன்றேனும் ஊர்ப்பெயரா? வடிவம், பக்குவம், பருமன், இனம் எல்லாம் இருக்கின்றன. மலையின் பெயர் மட்டும் இல்லை.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்து நிலத்தையும் வாழ்வையும் ஒருங்கே காணக் கற்றுத் தந்தது நம் மரபு. ஒரு வட்டாரத்தின் காப்பி ஏன் மற்றொரு வட்டாரத்தின் காப்பி போல இருப்பதில்லை என்ற வினாவுக்கும் இப்பகுப்பே நல்ல விடை தரும்.

முதலில் நிலம். அராபிகாவின் தாயகம் எத்தியோப்பிய மலைநாடு. பாபா புதான் என்னும் சூஃபிப் பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. காலம் 17ஆம் நூற்றாண்டு. தமிழ் மண்ணில் சேர்வராயன் மலைக்கு, அதாவது ஏற்காட்டுக்கு, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் ஆகிய ஊர்களைச் சுற்றி இன்று காப்பி விளைகிறது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொல்லிமலையிலும் உண்டு. இந்தியக் காப்பியில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு கருநாடகத்தில் விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு ஐந்தாறு விழுக்காடே. ஆனால் நாட்டின் மொத்த விளைச்சலில் ரோபஸ்டா மிகுந்திருக்க, நம் மலைகளில் அராபிகாவே மிகுதி.

உயரம் சுவைக்கு எப்படித் துணை செய்கிறது? ஆயிரம் மீட்டருக்கு மேல் குளிர்ச்சி மிகும்போது பழம் மெல்ல முதிர்கிறது. மெல்ல முதிரும் விதை கெட்டிப்படுகிறது. அதில் இனிப்பும் நயமான புளிப்பும் சேர்கின்றன. தாழ்ந்த வெப்ப நிலத்தில் விரைந்து பழுத்த விதைக்கு இந்த நிறைவு வருவதில்லை.

இனிப் பொழுது. குடகும் சிக்கமகளூரும் தென்மேற்குப் பருவமழையால் வாழ்பவை. சேர்வராயனும் கீழ்ப்பழனி மலையும் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் சார்ந்தவை. மாசி, பங்குனியில் ஒரு கோடை மழை பெய்தால் பத்து நாளுக்குள் மல்லிகையை நினைவூட்டும் மணத்தோடு மலைச்சரிவு முழுதும் வெண்மையாகப் பூக்கும். அம்மழை பொய்த்தால் அவ்வாண்டின் விளைச்சலே பொய்க்கும். பூத்து எட்டு, ஒன்பது மாதங்கள் கழித்துப் பழம் சிவக்கிறது. அப்போது மலையில் இருப்பது கார்த்திகை மழை. அதனை அடுத்து மார்கழி, தைப் பனி.

அவையோரே, குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாக நம் இலக்கணம் வகுத்தது கூதிரும் முன்பனியும் அல்லவா? ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. கடல் கடந்து வந்த செடி, நம் மலையில் குறிஞ்சியின் பொழுதிலேயே பழுக்கிறது. இந்தப் பொருத்தத்தை அறிந்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி ஏற்பட்டது. உழவர்க்கோ அது பெருந்தொல்லையும் ஆகும். பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், உதிரும். பறித்ததை உலர்த்த வெயில் கிடைக்காது. ஈரத்தில் பூஞ்சணம் பற்றும். மழைக்கும் வெயிலுக்கும் இடையே ஒவ்வொரு நாளும் நடக்கும் போராட்டத்தின் விளைவே நம் மலைக் காப்பி.

கருப்பொருள்: நிழலின் கொடை

காப்பி, நிழலில் வாழப் பழகிய செடி. பிரேசிலில் பெரும்பாலும் வெட்டவெளியில் பயிரிட்டு எந்திரங்களால் அறுவடை செய்கிறார்கள். நம் மலைகளிலோ மேலே மரம், நடுவே மிளகுக்கொடி, கீழே காப்பி என்று அடுக்கடுக்கான வாழ்வு. பலா, அத்தி, கல்யாண முருங்கை, சந்தன வேம்பு, பிற்காலத்தில் வந்த சில்வர் ஓக் ஆகியன நிழல் தருகின்றன. கீழ்ப்பழனியில் காப்பியோடு மலைவாழையும் ஆரஞ்சும் சேர்ந்து வளர்கின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புகழ் சேர்த்த விருப்பாட்சி மலைவாழை இத்தோட்டங்களின் உடன்பிறப்பு.

மரம் இருப்பதால் பறவை இருக்கிறது. சீகாரப் பூங்குருவி விடியலில் சீழ்க்கை அடிக்கிறது. மலையணில் கிளை தாவுகிறது. காட்டுமாடு தோட்ட வேலியைக் கடந்து போகிறது. உணவு, மரம், புள், விலங்கு, தொழில் என்று இலக்கணம் அடுக்கும் கருப்பொருள்களுள் பல அங்கே ஒரே ஏக்கருக்குள் இருக்கின்றன. நிழல் வெயிலின் கடுமையைத் தணித்து முதிர்ச்சியை இன்னும் மெதுவாக்குகிறது. உதிரும் இலை எருவாகிறது. நிழலில் விளைந்த நம் அராபிகாவில் புளிப்பு அடங்கியும், நாவில் கனம் நிறைந்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். காப்பிக்கு விலை இல்லாத ஆண்டுகளில் முதலில் விழுவது நிழல்மரம். மரத்தை விற்றால் உடனே பணம். நிலத்தை விடுதி கட்ட விற்றால் இன்னும் பணம். ஒரு மலையின் காப்பி நியாயமான விலை பெறுவது அம்மலையின் காடு நிலைப்பதோடு பிணைந்திருக்கிறது.

உரிப்பொருள்: கைகளும் பிரிவும்

நிலமும் நிழலும் நல்லவையாக இருந்தாலும், மனிதக்கை தவறினால் சுவை இல்லை. ஒரே கிளையில் பச்சைக் காயும் மஞ்சள் செங்காயும் சிவந்த பழமும் இருக்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால் அதே செடிக்கு மூன்று, நான்கு முறை திரும்ப வர வேண்டும். ஒரேயடியாக உருவிவிட்டால் வேலை எளிது. ஆனால் காயின் துவர்ப்பு நம் தம்ளர்வரை வரும். வழுக்கும் சரிவில் கூடை கட்டிக்கொண்டு பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பறித்த அன்றே தோலுரித்து, விதையைச் சுற்றியுள்ள பசையை நொதிக்கவைத்து, கழுவி, களத்தில் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். நொதிப்பு சில மணி நேரம் மிஞ்சினால் புளித்த வாடை வந்துவிடும். இச்செய்முறையே சுவையைத் தீர்மானிப்பதும் உண்டு. மங்களூர்க் கடற்கரையில் பருவக்காற்று படும்படி கொட்டையைப் பரப்பி ஊதவைக்கும் 'மலபார் மான்சூன்' காப்பி, புளிப்பெல்லாம் இழந்து தனிச்சுவை பெறுகிறது. அங்கே காற்றையே கருவியாக்கியது மனிதக்கை.

காப்பியின் உரிப்பொருளைப் பேசும்போது தமிழர் மறக்கக் கூடாத பிரிவு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைநாடு முழுதும் காப்பித் தோட்டங்களாயிற்று. அத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து சென்ற ஏழைகள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் இலங்கைத் தோட்டங்களில் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் காப்பித் தொழில் அழிந்து தேயிலை வந்தது. செடி மாறியது, கூலியாக நின்றவர் அவரே.

கவிஞர்கள் அறிய வேண்டிய செய்தி இனிமேல்தான் இருக்கிறது. அதே 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. காப்பிப் பயிர்த்தொழிலைக் கும்மி மெட்டில் பாடும் தமிழ்நூல்! அது தோட்ட நிருவாகத்தின் பக்கம் நின்று பேசுவது. உழைத்தவரின் துயரை நாம் அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயினும் காப்பிச் செடியைத் தமிழ்க்கவிதை தொட்டது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதற்கு அது சான்று. தொட்ட கை ஏன் தொடரவில்லை என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பெயர் பெற்றவையும் பெறாதவையும்

1974ஆம் ஆண்டில் எர்னா நட்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தனித்த நிலத்தில் விளைந்து தனித்த சுவையுடைய காப்பிக்குச் 'சிறப்புக் காப்பி' என்னும் பொருள்படும் பெயரை வழக்கில் கொண்டுவந்தார். இன்று தேர்ந்த சுவைஞர்கள் நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் மதிப்பெண் தரும் காப்பியே அப்பெயருக்கு உரியது. அத்தகைய காப்பியின் உறையில் நாடு, மலை, தோட்டம், உயரம், செடியின் வகை, உலர்த்திய முறை எல்லாம் அச்சாகின்றன. ஒரு நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஊரும் ஆண்டும் இருப்பதுபோல என்று கொள்ளலாம்.

நம் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்கீழ், விளைந்த காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர வேண்டும். விலை வீழ்ந்த காலத்தில் சிறு உழவரைக் காத்தது அம்முறை என்பதை மறுக்க இயலாது. ஆனால் எல்லா மலையும் ஒரே குவியலில் கலந்தன. 1990களில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996ஆம் ஆண்டில் உழவர் தம் விளைச்சல் முழுவதையும் விரும்பியவர்க்கு விற்கும் உரிமை பெற்றனர். உரிமை வந்தது, கூடவே நியூயார்க் சந்தையின் ஏற்ற இறக்கமும் நேராக மலைமீது வந்து விழுந்தது. பெயரற்ற சரக்குக்கு உலகச் சந்தை சொன்னதே விலை. பெயருள்ளது மட்டுமே தன் விலையைத் தான் கேட்க முடியும்.

பெயரின் வலிமைக்கு ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கு சான்று. பழங்குடி உழவர் விளைவித்த அக்காப்பிக்கு 2017ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தனிக் கடையே திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் குடகு, சிக்கமகளூர், பாபா புதான் கிரி, அரக்கு ஆகிய அராபிகா காப்பிகளுக்கும் வயநாட்டு ரோபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வைந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றும் இல்லை. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் அக்குறியீட்டைப் பெற்றன. வாழைக்கும் பூண்டுக்கும் ஊர் சொல்லத் தெரிந்த நமக்குக் காப்பிக்குச் சொல்லத் தோன்றவில்லை. காப்பி வாரியம் வட்டாரப் பெயர்களை வகுத்தபோதும், நம் மலைகள் 'புல்னீஸ்', 'ஷெவராய்ஸ்' என்று ஆங்கிலேயர் நாவில் சிதைந்த வடிவிலேயே பட்டியல் ஏறின.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி ஏற்காட்டு மலைச் சிற்றூரிலிருந்து வந்தவள். "எங்கள் வீட்டில் காப்பி விளைகிறது, அம்மா. மூட்டையாக விற்றுவிடுவோம். குடிப்பதற்குக் கடையில் பொட்டலத் தூள் வாங்குவோம்" என்றாள். அப்பொட்டலத்தில் சிக்கரி எவ்வளவு என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அவ்வாறாயின் ஏறத்தாழப் பாதி சிக்கரியாக இருக்கவும் சட்டம் இடம் தருகிறது. தன் மலையில் விளைந்ததின் சுவையை அறியாமலே அவள் வளர்ந்திருக்கிறாள்.

சிக்கரியை நான் பழிக்கவில்லை. அதன் கெட்டித்தன்மையும் கசப்பும் நம் பாட்டிமார் கையில் ஒரு தனிக்கலையாயின. இதெல்லாம் வசதி படைத்தவர் விளையாட்டு அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நகரத்துக் குளிரறையில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் கோப்பையை எண்ணினால் அக்கேள்வி நியாயமே. ஆனால் பெயர் அறிவதற்குப் பணம் வேண்டியதில்லை. எந்த மலை என்று கடைக்காரரிடம் கேட்பதற்குச் செலவில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் அவர் பலகையில் எழுதி வைப்பார்.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்டது பழனி மலை சார்ந்த நாடு. வல்வில் ஓரியின் மலை கொல்லி. கடையெழு வள்ளல்களுள் இருவருடைய மலைகளில் இன்று காப்பி விளைகிறது. அம்மலைகளின் பெயர்களை ஈராயிரம் ஆண்டுகளாக நாவில் வைத்திருப்பவர்கள் புலவர்களே. ஆகவே இவ்வேலை வணிகரைவிட நமக்கே அதிகம் உரியது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. காப்பிச் சுவையைச் சொல்லத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொற்கள் மிகச் சில. கெட்டி, தண்ணி, கசப்பு என்பவற்றோடு நின்றுவிடுகிறோம். மெச்சிச் சொல்வதானால் 'கள்ளிச்சொட்டு' என்போம். அதுவும் கெட்டித்தன்மையையே குறிக்கும். காப்பியில் புளிப்பு என்றால் பால் திரிந்ததாகவே எண்ணுகிறோம். ஆரஞ்சுச் சுளையின் புளிப்பு வேறு, மாங்காயின் புளிப்பு வேறு, மோரின் புளிப்பு வேறு என்று நாவுக்குத் தெரியும், சொல்லுக்குத்தான் தெரியவில்லை. 'குளம்பி' என்று பெயர்ச்சொல் ஆக்கிய நாம் சுவைச்சொல் ஆக்கவில்லை. அது அகராதிக் குழு செய்யும் வேலையன்று. கவிஞர் செய்ய வேண்டியது.

எனவே வட்டத்தார்முன் ஓர் எளிய வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டின் மாதக் கூட்டங்களில், ஒவ்வொரு மாதமும் ஒரு மலையின் காப்பியைச் சிக்கரி கலவாமல் வாங்கி வருவோம். ஒரு மாதம் சேர்வராயன், அடுத்த மாதம் தாண்டிக்குடி, பின்னர் கொல்லி, நீலகிரி, ஆனைமலை. கூட்டத்துக்குச் சற்று முன்னர் அரைத்துக்கொள்வோம். முதல் மிடறு பாலும் சருக்கரையும் இன்றி அருந்துவோம்; அடுத்து நம் வழக்கப்படி பாலூற்றி ஆற்றி அருந்துவோம். ஒவ்வொருவரும் தாம் உணர்ந்த சுவைக்கு ஒரு தமிழ்ச்சொல் எழுதித் தருவோம். ஆண்டு முடிவில் அச்சொற்களைத் தொகுத்தால், அடுத்த மலருக்கு அதைவிட நல்ல கட்டுரை வேண்டியதில்லை. தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணையும் விழும் நிழல்மரத்தையும் மறவாத கவிதை ஒன்று அதனோடு பிறந்தால், 1869இன் கும்மியில் இல்லாத குரல் தமிழுக்குக் கிடைக்கும்.

கைமணம் நம்மிடம் உண்டு. மண்மணத்துக்கும் பெயர் சூட்டுவோம்.